1961-இல் நீக்கிய அந்த விளக்கத்தைத் திருப்பித் தாருங்கள்: நம் எம்.பி.க்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டிலிருந்து மக்களவைக்குச் சென்றிருக்கும் 39 பேருக்கும், மாநிலங்களவையில் இருக்கும் 18 பேருக்கும் வணக்கம்.

நீங்கள் எந்தக் கட்சியாக இருந்தாலும் இந்த மடல் உங்களுக்குத்தான். நான் கீழமை நீதிமன்றங்களில் குற்ற வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர். மேடையில் பேசியதற்காகவும், முகநூலில் எழுதியதற்காகவும், வாட்ஸ்அப்பில் ஒரு படத்தை அனுப்பியதற்காகவும் வழக்கில் மாட்டியவர்கள் எல்லாக் கட்சிகளிலிருந்தும் என்னிடம் வந்திருக்கிறார்கள். அவர்களில் சிலர் பேசியதை என்னால் கொஞ்சமும் ஏற்க முடிந்ததில்லை. ஆனாலும் வழக்குக் கட்டுகளைப் புரட்டும்போது அநேகமாக எல்லா வழக்கிலும் ஒரே குறை கண்ணில் படுகிறது. அதை முழுதாகச் சரிசெய்யக் காவல்துறையாலோ நீதிமன்றத்தாலோ முடியாது. சட்டத்தைத் திருத்தும் கை உங்களுடையது என்பதால் உங்களுக்கு எழுதுகிறேன். பகைமூட்டும் பேச்சுக்கு எதிரான பிரிவில், நேர்மையான விமர்சனத்தைக் காக்கும் ஒரு விளக்கம் முன்பு இருந்தது. 1961-இல் போன அதைத் திருப்பித் தரக் கேட்கவே இந்த மடல்.

ஒரு வழக்கைச் சொல்கிறேன். அவர் பெயரும் ஊரும் வேண்டாம். அறுபதைத் தாண்டியவர், தொழிற்சங்கத்தில் இருந்தவர், முப்பது வருஷமாகத் தெருமுனைக் கூட்டங்களில் பேசி வருகிறவர். பக்கத்து ஊர்த் திருவிழாவில் ஒரு தெரு மக்களைத் தேர்வடம் தொட விடவில்லை. அதைக் கண்டித்து நடந்த கூட்டத்தில் அவர் பேசினார். "எந்தச் சாமி இவங்களைத் தொடாதேன்னு சொல்லுச்சு? சாமி சொல்லலை, நீங்கதான் சொல்றீங்க" என்றார். யாரையும் அடிக்கச் சொல்லவில்லை, எந்தக் கடவுளையும் திட்டவில்லை. இரண்டு நாள் கழித்து இன்னொரு தரப்பு புகார் கொடுத்தது: இரு பிரிவினருக்கிடையே பகையை மூட்டுகிறார், மத உணர்வைப் புண்படுத்துகிறார் என்று. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கைது செய்தார்கள். சனி, ஞாயிறில் ஜாமீன் மனு எடுபடாது என்பது எல்லோருக்கும் தெரியும். பதினோரு நாள் சிறையில் இருந்தார். அப்புறம் நிபந்தனை ஜாமீன்: இரண்டு ஜாமீன்தாரர்கள், ஒரு மாதம் தினமும் காலை பத்தரை மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்து. ஒன்றரை வருஷம் ஆகிறது. குற்றப்பத்திரிகை இன்னும் வரவில்லை. அரசின் முன் அனுமதிக்காகக் கோப்பு போயிருக்கிறது என்கிறார்கள். தேர்வடம் தொட விடாதவர்கள்மீது அந்தத் தெரு மக்கள் கொடுத்த புகாருக்கு சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகார் வந்தது என்ற ஒப்புகை மட்டும், கிடைத்தது. அதோடு சரி.

அவர்மீது போடப்பட்ட பிரிவுகள், புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 196-உம் (பிரிவினருக்கிடையே பகைமூட்டுவது) 299-உம் (மத உணர்வைப் புண்படுத்துவது). பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இவை 153ஏ, 295ஏ. 2024 ஜூலை 1 முதல் எண்கள் மாறியிருக்கின்றன. உள்ளடக்கம் அநேகமாக அப்படியேதான் இருக்கிறது. இரண்டுமே வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய, ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றங்கள். மூன்று ஆண்டு வரை சிறை. 196-இன்படியான குற்றம் வழிபாட்டுத் தலத்தில் நடந்தால் ஐந்து ஆண்டு வரை.

இந்தப் பிரிவுகள் ஆபத்தானவை, எளிதில் தவறாகப் பயன்படுத்தப்படும் என்பது சட்டம் எழுதியவர்களுக்கே தெரியும். தெரிந்ததால்தான் ஒரு தடுப்பு வைத்தார்கள்: மத்திய அரசோ மாநில அரசோ முன் அனுமதி தராமல் இந்தக் குற்றங்களை நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்க முடியாது. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 196-ஆவது பிரிவு, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 217-ஆவது பிரிவு. நல்ல ஏற்பாடு போலத் தெரிகிறது இல்லையா? ஆனால் அந்தத் தடுப்பு நிற்கும் இடத்தைப் பாருங்கள். எஃப்.ஐ.ஆர். போட அனுமதி வேண்டாம். கைது செய்ய வேண்டாம். ரிமாண்டுக்கு வேண்டாம். பேசியவர் சிறைக்குப் போய், ஜாமீனில் வந்து, மாதக்கணக்கில் கையெழுத்துப் போட்டு, வேலையையோ மேடையையோ இழந்த பிறகுதான் அனுமதி என்ற கேள்வியே வருகிறது. காவல் வாசலில் இருக்க வேண்டியது, கொல்லைப்புறத்தில் நிற்கிறது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 153ஏ வழக்குகள் 2014-இல் முந்நூற்றுச் சொச்சம். 2020-இல் 1,804. அந்த ஆண்டு விசாரணை முடிந்தவற்றில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில்தான் தண்டனை. மீதி நான்கு பேரும் குற்றவாளி இல்லை என்று வீடு திரும்பியிருப்பார்கள். ஆனால் வழக்கு நடந்த அத்தனை நாளும் அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பது எந்தக் கணக்கிலும் வராது. எனக்குத் தெரிந்தவரை இந்த வழக்குகளில் தண்டனை என்பது தீர்ப்புக்கு முன்பே அனுபவித்து முடிக்கப்படுகிறது.

இது அரசியல் பேச்சை எப்படிப் பாதிக்கிறது என்பது, ஆளுங்கட்சியாகவும் எதிர்க்கட்சியாகவும் மாறி மாறி இருந்து பார்த்த உங்களுக்குப் புதிதல்ல. யார்மீது வழக்கைத் தொடர்வது, யாருடையதை ஊற வைப்பது என்று முடிவு செய்வது அரசு. அரசு என்றால் அன்றைக்கு ஆள்கிற கட்சி. 2015 அக்டோபரில், அ.தி.மு.க. ஆட்சியில், டாஸ்மாக் கடைகளை மூடச் சொல்லிப் பாடிய மக்கள் பாடகர் கோவன் திருச்சியில் ராஜத்துரோக வழக்கில் கைது செய்யப்பட்டார். 2021 டிசம்பரில், தி.மு.க. ஆட்சியில், குன்னூர் அருகே ஹெலிகாப்டர் விபத்தில் முப்படைத் தலைமைத் தளபதி இறந்த மறுநாள், மாநில அரசைத் தாக்கி ட்வீட் போட்ட ஒரு யூடியூபர் பகைமூட்டும் பிரிவுகளின்கீழ் மதுரையில் கைதானார். சில நாளிலேயே உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்த வழக்கை ரத்து செய்தது. அந்த இரண்டு பேரையும் ஒரே மேடையில் உட்கார வைக்க முடியாது. ஆனால் இரண்டு பேச்சும் அரசாங்கத்தை நோக்கியவை. எந்த ஜாதியையும் மதத்தையும் தாக்கியவை அல்ல. அரசாங்கம் என்பது வெறுப்பிலிருந்து காக்கப்பட வேண்டிய ஒரு பிரிவினர் அல்ல என்ற சின்ன உண்மையை ஒவ்வொரு ஆட்சிக்கும் நீதிமன்றம் புதிதாகச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

உங்கள் பதவியையே தொடும் விஷயம் ஒன்றும் இதில் இருக்கிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 8(1)-ஆவது பிரிவில் 153ஏ பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. அந்தப் பிரிவில் வெறும் அபராதம் விதிக்கப்பட்டால்கூட ஆறு ஆண்டு தேர்தலில் நிற்க முடியாது. உத்தரப் பிரதேசத்தின் சமாஜ்வாதி கட்சித் தலைவர் ஆசம் கானை நினைத்துப் பாருங்கள். 2019 தேர்தல் பிரசாரத்தில் பேசிய பேச்சுக்காக 2022 அக்டோபரில் ராம்பூர் நீதிமன்றம் அவருக்கு மூன்று ஆண்டுத் தண்டனை கொடுத்தது. உடனே எம்.எல்.ஏ. பதவி போனது. டிசம்பரில் இடைத்தேர்தல் நடந்து, தொகுதி வேறு கட்சிக்குப் போனது. 2023 மே மாதம் மேல்முறையீட்டில் அவர் விடுதலை செய்யப்பட்டார். விடுதலை வந்தபோது அவர் திரும்பிப் போய் உட்கார நாற்காலி இல்லை. அவருடைய அரசியலை நீங்கள் ஏற்க வேண்டியதில்லை. அவர் பேசியது நாகரிகமான பேச்சு என்றும் நான் சொல்ல வரவில்லை. ராம்பூர் வாக்காளர்கள் தேர்ந்தெடுத்த ஒருவரை, பின்னால் மேல்முறையீட்டில் நிற்காமல் போன ஒரு தீர்ப்பு சபையிலிருந்து வெளியேற்றியது. நாளைக்கு உங்களில் யாருக்கும் இது நடக்கலாம்.

நடக்கவும் பார்த்தது. உங்கள் சபையில் இருக்கும் மாநிலங்களவை உறுப்பினர் இம்ரான் பிரதாப்கடிமீது 2025 ஜனவரியில் குஜராத்தின் ஜாம்நகரில் 196-ஆவது பிரிவில் வழக்குப் போட்டார்கள். ஒரு காணொளியின் பின்னணியில் ஓடிய உருதுக் கவிதைக்காக! குஜராத் உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்ய மறுத்துவிட்டது. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் அபய் ஓகாவும் உஜ்ஜல் புயானும் கவிதையை வரிவரியாகப் படித்துப் பார்த்து, அது வன்முறையைத் தூண்டவில்லை, அநீதியை அன்பால் எதிர்கொள்ளச் சொல்கிறது என்று மார்ச் 28 அன்று வழக்கை ரத்து செய்தார்கள். குடியரசாகி 75 ஆண்டான பிறகும் ஒரு கவிதையால் சமூகங்களுக்குள் பகை வந்துவிடும் என்று நினைக்கும் அளவுக்கா நாம் பலவீனமாக இருக்கிறோம் என்று கேட்டார்கள். ஒரு பேச்சை அளக்கும்போது, எல்லாவற்றிலும் ஆபத்தைப் பார்க்கிற மனதை அளவுகோலாக வைக்காதீர்கள், திடமான, தைரியமான மனிதரின் மனதை வையுங்கள் என்றார்கள். 1946-இலேயே நாக்பூர் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி விவியன் போஸ் வகுத்த அளவுகோல் இது. ஒரு எம்.பி.க்கு டெல்லி வரை போகப் பணமும் வழக்கறிஞர்களும் உண்டு. என் கட்சிக்காரருக்கு, அதாவது நான் வழக்கு நடத்தும் அந்தத் தொழிற்சங்கக்காரருக்கு, ஜாமீன்தாரர் தேடவே நான்கு நாள் ஆனது.

அந்தத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் ஒரு வழியும் காட்டியிருக்கிறது. மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரியின் அனுமதியோடு 14 நாளுக்குள் பூர்வாங்க விசாரணை செய்யலாம் என்று புதிய நடைமுறைச் சட்டத்தின் 173(3) சொல்கிறது. பேச்சு தொடர்பான வழக்குகளில் இதை வழக்கமாகவே செய்யுங்கள் என்றது நீதிமன்றம். ஆனால் சட்டத்தில் இருப்பது 'செய்யலாம்' என்ற சொல்தான். இன்னொரு பக்கம், 2022 அக்டோபரில் டெல்லி, உத்தரப் பிரதேசம், உத்தராகண்டுக்கும் 2023 ஏப்ரலில் எல்லா மாநிலங்களுக்கும் அதே உச்ச நீதிமன்றம், வெறுப்புப் பேச்சு என்றால் புகார் வரும்வரை காத்திருக்காமல் தானாகவே வழக்குப் பதிய வேண்டும், தவறினால் நீதிமன்ற அவமதிப்பு என்று உத்தரவு போட்டிருக்கிறது. ஒரு காவல் ஆய்வாளரின் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். வழக்குப் பதியாவிட்டால் அவமதிப்பு. பதிந்தால் யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. அவர் எதைச் செய்வார்?

வெறுப்புப் பேச்சு என்றால் என்ன என்று நம் தண்டனைச் சட்டம் எங்கும் சொல்லவில்லை, பழையதும் சரி, புதியதும் சரி. 2017 மார்ச்சில் சட்ட ஆணையம் தன் 267-ஆவது அறிக்கையில் 153சி, 505ஏ என்று இரண்டு புதுப் பிரிவுகளைப் பரிந்துரைத்தது. 2023-இல் முழுச் சட்டத்தையும் புதிதாக எழுதியபோதும் அந்தச் சிந்தனை உள்ளே வரவில்லை. புதுப் பிரிவுகள் வராததில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. என் வருத்தம் வேறு, பழையது.

153ஏ பிறந்தது 1898-இல். திலகரை ராஜத்துரோகத்துக்காகச் சிறையில் அடைத்ததற்கு அடுத்த ஆண்டு. ஆங்கிலேய அரசு நம்மீது அன்புகொண்டு எழுதிய சட்டம் அல்ல அது. ஆனாலும் அதன் அடியில் ஒரு விளக்கம் சேர்த்திருந்தார்கள். அதன் சாரம் இது: கெட்ட எண்ணம் இல்லாமல், பகையை உண்டாக்கும் விஷயங்களை நீக்க வேண்டும் என்ற நேர்மையான நோக்கத்தோடு, அவற்றைச் சுட்டிக்காட்டுவது இந்தப் பிரிவின்கீழ் குற்றம் ஆகாது.

தயவுசெய்து அதை இன்னொரு முறை படியுங்கள். தேர்வடம் தொட விடாததைக் கண்டித்துப் பேசினாரே என் கட்சிக்காரர், அவருக்காகவே எழுதிய மாதிரி இருக்கிறது. பகை ஏற்கெனவே அந்த ஊரில் இருந்தது. அவர் அதை மூட்டவில்லை. இருக்கிறது என்று சொன்னார், ஒழியட்டும் என்பதற்காகச் சொன்னார். 1898-இன் சட்டத்தில் அவருக்கு ஒரு தற்காப்பு இருந்தது. இன்றைய சட்டத்தில் இல்லை. ஏனென்றால் 1961-இல், ஜபல்பூர் கலவரம் நடந்த அதே ஆண்டில், 153ஏ-வை மாற்றி எழுதியபோது அந்த விளக்கம் விடுபட்டுப்போனது. தண்டனை இரண்டு ஆண்டிலிருந்து மூன்று ஆண்டாக உயர்ந்தது; மதம், ஜாதி, மொழி என்று பட்டியல் நீண்டது; "வேறு எந்தக் காரணத்தின் அடிப்படையிலும்" என்ற சொற்கள் வந்தன; காப்பு மட்டும் போய்விட்டது. அந்நிய அரசு கொடுத்திருந்த ஒரு காப்பை எடுத்தது சுதந்திர இந்தியாவின் நாடாளுமன்றம். உங்கள் சபை. இந்தத் தொழிலுக்கு வந்து பல வருஷம் கழித்து, பழைய தண்டனைச் சட்டப் புத்தகம் ஒன்றில் அந்த வரிகளைத் தற்செயலாகப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே தொண்டை அடைத்தது. எத்தனை வழக்கில் அது எனக்குக் கைகொடுத்திருக்கும்!

295ஏ-வின் கதையும் இதே மாதிரிதான். லாகூரில் ஒரு பதிப்பாளர், நபிகளை இழிவுபடுத்தும் நூலை வெளியிட்டார் என்று 153ஏ-வில் வழக்கு நடந்தது. மதத்தலைவரை விமர்சிப்பது இந்தப் பிரிவில் வராது என்று 1927-இல் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. கொந்தளிப்பு எழுந்தது, அந்த ஆண்டே 295ஏ வந்தது. 1929-இல் அந்தப் பதிப்பாளர் குத்திக் கொல்லப்பட்டார். மசோதா விவாதத்தில் பேசிய ஜின்னா, அதை ஆதரித்துக்கொண்டே, வரலாறு எழுதுகிறவர்களுக்கும் உண்மையைத் தேடுகிறவர்களுக்கும் மதத்தை நேர்மையாக விமர்சிக்கிறவர்களுக்கும் பாதுகாப்பு இருந்தாக வேண்டும் என்றார். "திட்டமிட்டு, தீய நோக்கத்தோடு" என்ற சொற்கள் அந்தப் பிரிவில் இருக்கின்றன. 1957-இல் ராம்ஜி லால் மோடி வழக்கில் உச்ச நீதிமன்றம் 295ஏ செல்லும் என்று சொன்னதே அந்தச் சொற்களை நம்பித்தான். ஆனால் நான் பார்க்கும் எஃப்.ஐ.ஆர்.களில் அந்தத் தீய நோக்கத்தை யாரும் தேடுவதில்லை. புகார்தாரர் மனம் புண்பட்டது என்றால் போதும்.

நம் ஊரில் இப்படி இருந்ததில்லை. 1953 மே மாதம் திருச்சியில் பெரியார் பிள்ளையார் சிலையை உடைத்தார். ஒருவர் மாஜிஸ்திரேட்டிடம் தனிப் புகார் கொடுத்தார். மாஜிஸ்திரேட் தள்ளுபடி செய்தார், செஷன்ஸ் நீதிமன்றமும் சென்னை உயர் நீதிமன்றமும் தலையிடவில்லை. 1958-இல் உச்ச நீதிமன்றம், "புனிதமாகக் கருதப்படும் பொருள்" என்பதைக் கீழ் நீதிமன்றங்கள் மிகவும் குறுக்கிப் புரிந்துகொண்டன, இனி மக்களின் உணர்வுகளைக் கவனத்தில் கொள்ள வேண்டும் என்று கண்டித்தது; ஆனாலும் ஐந்து வருஷம் கழித்து வழக்கைத் தூசி தட்ட வேண்டாம் என்று விட்டுவிட்டது. உச்ச நீதிமன்றம் சொன்னது சட்டப்படி சரி என்றே வைத்துக்கொள்வோம். நான் கேட்பது வேறு. அன்று ஒரு புகார் வாசலிலேயே நின்றது. அதே செயலுக்கு இன்று எத்தனை ஊரில் எத்தனை எஃப்.ஐ.ஆர். போடப்படும்? நாத்திகம் பேசியதும், சாத்திரங்களைக் கேள்வி கேட்டதும், அதற்குப் பதிலாகப் பக்தர்கள் ஊர்வலம் போனதும், இரண்டு தரப்பும் மேடை போட்டுத் திட்டிக்கொண்டதும் சேர்ந்ததுதான் தமிழ்நாட்டின் அரசியல். அந்தத் திட்டில் காயம்பட்டவர்கள் உண்டு. நான் வளர்ந்த வீட்டிலேயே இருந்தார்கள். அதற்காக யாரும் ஸ்டேஷனுக்குப் போகவில்லை.

சரி, அப்படியானால் வெறுப்பைப் பேசுகிறவர்களை விட்டுவிடச் சொல்கிறேனா? இல்லை. 1994-இல் ருவாண்டாவில் ஒரு வானொலி, டுட்சி மக்களைக் கரப்பான்பூச்சிகள் என்று மாதக்கணக்கில் அழைத்தது, அவர்கள் ஒளிந்திருக்கும் இடங்களை அறிவித்தது. நூறு நாளில் எட்டு லட்சம் பேர் வரை கொல்லப்பட்டார்கள். அந்த வானொலியை நடத்தியவர்களை 2003-இல் சர்வதேசத் தீர்ப்பாயம் தண்டித்தது, அது நியாயம். ஆனால் அதே ருவாண்டாவில் அப்புறம் என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். இனி இப்படி நடக்கவே கூடாது என்று 2008-இல் "இனப்படுகொலைச் சிந்தனை"க்கு எதிராக ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். 2010-இல் அதிபர் தேர்தலில் நிற்க நாடு திரும்பிய எதிர்க்கட்சித் தலைவி விக்டுவார் இங்கபிரே, நினைவிடத்தில் நின்று, இறந்துபோன பெரும்பான்மை ஹுட்டு இன மக்களையும் நினைக்க வேண்டும் என்று பேசினார். அந்தப் பேச்சும் அவர்மீதான குற்றச்சாட்டில் சேர்ந்தது. முதலில் எட்டு ஆண்டு, மேல்முறையீட்டில் பதினைந்து ஆண்டு. அவருடைய கருத்துரிமை மீறப்பட்டது என்று ஆப்பிரிக்க மனித உரிமை நீதிமன்றம் 2017-இல் சொன்னது. வெறுப்பால் அவ்வளவு பெரிய விலை கொடுத்த நாட்டில், வெறுப்பைத் தடுக்க வந்த சட்டமே எதிர்க்கட்சியின் வாயை அடைத்தது.

பக்கத்தில் இலங்கையிலும் இதுதான். சர்வதேச உடன்படிக்கையிலிருந்து எடுத்து 2007-இல் எழுதிய ஒரு மனித உரிமைச் சட்டத்தில் மதப்பகையைத் தூண்டுவதற்கு எதிரான பிரிவு இருக்கிறது. 2019-இல் ஒரு சிங்கள எழுத்தாளரை, பிக்குகள் கொடுத்த புகாரின்பேரில், ஒரு சிறுகதைக்காக அந்தப் பிரிவில் நான்கு மாதத்துக்கு மேல் அடைத்து வைத்தார்கள். சிறுபான்மையினரைக் காக்க வேண்டிய பிரிவு பெரும்பான்மையின் கைக்குப் போன கதை அது.

ஆகவே எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு நம்பிக்கையை, ஒரு வழக்கத்தை, ஒரு கட்சியை, ஒரு தலைவரைத் தாக்கிப் பேசுவது ஒரு பக்கம். ஒரு மக்கள் கூட்டத்தை அவர்கள் பிறப்புக்காக அடி, விரட்டு, வீடு கொடுக்காதே, வேலை கொடுக்காதே என்று தூண்டுவது இன்னொரு பக்கம். இரண்டாவதுக்கு இரக்கமே காட்டக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். 1989-இன் எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இதைத் தெளிவாகச் செய்கிறது. யாரைக் காக்கிறோம் என்று பெயர் சொல்லி, அவர்கள்மீது பகையையும் வெறுப்பையும் வளர்ப்பதைத் தனிக் குற்றம் ஆக்கியிருக்கிறது. 196 அப்படி இல்லை. அதில் அடித்தவரும் அடிபட்டவரும் "இரு பிரிவினர்"தான். அதனால்தான் தேர்வடம் தொட விடாதவர்களே புகார்தாரர் ஆக முடிகிறது.

2015-இல், இணையத்தில் புண்படுத்தும் பதிவுகளைக் குற்றமாக்கிய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ-வை ரத்து செய்த ஷ்ரேயா சிங்கால் தீர்ப்பு இதை மூன்று படியாகப் பிரித்தது: விவாதிப்பது, ஒரு கருத்துக்காக வாதாடுவது, செயலுக்குத் தூண்டுவது. முதல் இரண்டும் எவ்வளவு பிடிக்காததாக இருந்தாலும் உரிமை. மூன்றாவதை எட்டும்போதுதான் சட்டம் கை வைக்கலாம். அதற்கு முன்பே, 1989-இல், இடஒதுக்கீட்டை விமர்சித்த ஒரு தமிழ்த் திரைப்படத்தை வெளியிட்டால் கலவரம் வரும் என்று தமிழக அரசு சொன்னபோது, உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஆபத்து என்பது வெடிமருந்துக் கிடங்கில் விழுந்த தீப்பொறி போல உடனடியானதாக இருக்க வேண்டும், மிரட்டுகிறவர்களுக்குப் பயந்து பேசுகிறவரின் வாயைக் கட்டுவது சட்டத்தின் ஆட்சியைக் கைவிடுவது என்றது. இடஒதுக்கீடு எனக்கு உயிரான கொள்கை. அந்தப் படத்தின் வாதத்தோடு எனக்கு உடன்பாடு இல்லை. தீர்ப்பு சரியான தீர்ப்பு.

வேறு நாடாளுமன்றம் ஒன்றில் நடந்ததைச் சொன்னால் உங்களுக்கு உற்சாகமாக இருக்கும் என்று நினைக்கிறேன். 2006 ஜனவரி 31. பிரிட்டனில் டோனி பிளேர் அரசு மதவெறுப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. "இழிவுபடுத்தும்", "அவமதிக்கும்" பேச்சும் குற்றம் என்று முதலில் எழுதியிருந்தார்கள். பிரபுக்கள் சபை அதை வெட்டி, மிரட்டும் பேச்சு மட்டுமே குற்றம், அதுவும் வெறுப்பைத் தூண்டும் நோக்கம் நிரூபிக்கப்பட வேண்டும் என்று மாற்றியது. கூடவே, மதங்களை விமர்சிப்பதும் கேலி செய்வதும் வெறுப்பதும்கூட இந்தச் சட்டத்தால் தடுக்கப்படாது என்று ஒரு காப்புப் பிரிவையும் சேர்த்தது. அரசு அதைத் தோற்கடிக்கப் பார்த்தது. ஆளுங்கட்சி உறுப்பினர்கள் சிலர் தங்கள் அரசுக்கு எதிராகவே வாக்களித்தார்கள். முடிவு 283-க்கு 282. ஒரே ஒரு வாக்கு! அந்தக் காப்பு இன்றும் அங்கே சட்டமாக இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் சமத்துவச் சட்டத்திலும், "புண்படுத்தும்" என்ற சொல் தெளிவில்லாதது, அதை வைத்து ஒருவரின் பேச்சைத் தடுக்க முடியாது என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2021-இல் அதை நீக்கியது. இனவெறி ஆட்சியைக் கண்ட நாடு, வெறுப்பின் வலி தெரியாத நாடு அல்ல.

உங்கள் 57 பேரிடமும் நான் கேட்பது இதுதான். 196-ஆவது பிரிவின் அடியில் 1898-இன் அந்த விளக்கத்தைத் திருப்பி வையுங்கள். 299-க்கும் அதே காப்பைக் கொடுங்கள். அதோடு, அரசையும் கட்சியையும் கொள்கையையும் பதவியில் இருப்பவரையும் விமர்சிப்பது பிரிவினருக்கிடையே பகை மூட்டுவது ஆகாது என்று ஒரு வரி சேருங்கள். 173(3)-இல் உள்ள 'செய்யலாம்' என்பதைப் பேச்சு வழக்குகளுக்கு மட்டுமாவது 'செய்ய வேண்டும்' என்று மாற்றுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமாக, அனுமதியைக் கைதுக்கு முன்னால் கொண்டுவாருங்கள். அந்த அனுமதி உள்துறையிடம் இருக்கக் கூடாது, ஒரு நீதித்துறை நடுவரிடம் இருக்கட்டும். வன்முறை அந்த நிமிஷமே வெடிக்கும் என்ற நிலை இருந்தால் காவல்துறைக்கு வேறு தடுப்பு அதிகாரங்கள் உண்டு. அதற்கு 196 தேவையில்லை. அரசின் அனுமதிக் கோப்புக்கும் ஒரு கெடு வேண்டும். அறுபது நாளில் பதில் இல்லை என்றால் வழக்கு முடிந்தது என்று வையுங்கள்.

தகுதியிழப்பைப் பற்றி எனக்கே தயக்கம் இருக்கிறது. தண்டிக்கப்பட்டவர் மேல்முறையீடு முடியும்வரை பதவியில் தொடர வழிவிட்ட பிரிவை 2013-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததற்கு நல்ல காரணம் இருந்தது. ஊழலிலும் கொலையிலும் தண்டனை பெற்றவர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் பேச்சு ஒன்றுக்காக மட்டும் வந்த தண்டனையில், முதல் மேல்முறையீடு முடியும்வரை இடைத்தேர்தலை நிறுத்தி வைக்கலாமா என்று உங்கள் குழுக்களில் ஒருமுறை விவாதியுங்கள். ராம்பூரில் நடந்ததை இனி யாராலும் சரிசெய்ய முடியாது.

தனிநபர் மசோதாவாகவே இதைக் கொண்டுவரலாம். அரசு ஆதரிக்காது என்று எனக்குத் தெரியும். எதிர்க்கட்சியில் இருக்கும்போது இதைப் பேசுகிறவர்கள் ஆட்சிக்கு வந்ததும் மறந்துவிடுவதையும் பார்த்திருக்கிறேன். இருந்தாலும் சபைக் குறிப்பில் அந்த விளக்கம் ஒருமுறை மறுபடியும் ஏறட்டும். நாளைக்கு ஒரு நீதிமன்றத்தில் நானோ வேறொரு வழக்கறிஞரோ அதை எடுத்துக்காட்டி வாதாட முடியும்.

என் கட்சிக்காரர் போன வாரம் ஃபோன் செய்தார். அதே ஊரில் இந்த வருஷத் திருவிழாவுக்குக் கொடி ஏறப்போகிறது, அந்தத் தெரு மக்கள் ஒரு கூட்டம் போடுகிறார்கள், அவரைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். "சார், பேசலாமா?" என்று கேட்டார். வழக்கு நிலுவையில் இருக்கிறது, இன்னொரு எஃப்.ஐ.ஆர். வந்தால் ஜாமீனை ரத்து செய்யக் கேட்பார்கள், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வழக்கறிஞராக அதுதான் சரியான ஆலோசனை. அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "சரி சார், நீங்க சொன்னா சரி" என்று வைத்துவிட்டார்.

இப்படிக்கு,
ஒரு குற்றவியல் வழக்கறிஞர்